இடித்து ஓடுபவரா, ஏய்த்து ஓடுபவரா?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாம்பார் கொதிப்பதற்கு முன்னால் சண்டை கொதித்துவிடும். அமெரிக்க ஃபுட்பால் சரித்திரத்திலேயே தலைசிறந்த ரன்னிங் பேக் யார்? அதாவது, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிடித்துச் சாய்க்க வரும் தடியர்களைத் தாண்டி ஓடுகிறவர்களில் யார் பெரிய ஆள்? என் கணவர் ஒருவரைச் சொல்வார். பதினாறு வயது மகள் இன்னொருவரைச் சொல்வாள். பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிற நீங்களும் கட்சி கட்டிவிடுவீர்கள். கணவரின் ஆள் எதிரே வருகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவர். அவருக்கு நான் வைத்த பெயர் புல்டோசர். மகளின் ஆள் குள்ளம், பிடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது நழுவிவிடுவார். அவர் விலாங்கு.

கணவர் தமிழில் கத்துவார், மகள் ஆங்கிலத்தில் கத்துவாள். இங்கே அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊரில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் ஒரு சொல் விடாமல் புரியும். அவளைப் பற்றி நான் போனில் அக்காவிடம் புலம்பினால் பக்கத்து அறையிலிருந்து உடனே மறுப்பு வரும், ஆனால் ஆங்கிலத்தில் வரும். டேகேர் போன நாளில் நின்ற தமிழ்ப் பேச்சு நின்றதுதான். இவள் என்னோடு தமிழில் பேசமாட்டாளா என்று எனக்கு அப்படியொரு ஏக்கம். கெஞ்சியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன், நெய் ரோஸ்ட் வார்த்து லஞ்சம் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பட்டிமன்றம் உண்டு. சில வருடங்களாக நான்தான் நடுவர். நடுவர் வேலை ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு அணியும் தொண்டை வறளப் பேசி முடித்ததும், இதுவும் வேண்டும் அதுவும் வேண்டும், இரண்டும் நமக்கு இரு கண்கள் என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் மனவருத்தம் இருக்காது, எல்லோரும் நேரத்தோடு சாப்பாட்டு வரிசைக்குப் போகலாம்.

இந்த வருடம் பிள்ளைகள் யாரும் மேடையேற வரவில்லை என்று சங்கச் செயலாளர் அங்கிள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "நீயாவது பேசேம்மா. டாப்பிக் உன் சாய்ஸ்" என்று மகளிடம் கேட்டார். நான் சமையலறையில் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ரன்னிங் பேக்ஸ்னா ஐ வில் டூ இட். ஈவன் இன் தமிழ்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பட் நோ இரு கண்கள், அம்மா. யூ ஹேவ் டு பிக் ஒன். அண்ட் டோன்ட் பிக் மீ ஜஸ்ட் பிகாஸ் ஐ ஸ்போக் தமிழ்" என்றாள்.

பளாரென்று அறைந்தது போல இருந்தது. தமிழில் பேசிவிட்டால் போதும், அவளுக்கே தீர்ப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

விழா நாள். ஹைஸ்கூல் அரங்கம், பட்டுப்புடவைக்கு மேல் குளிர்கோட்டு, நடுவில் நான். இடித்து ஓடும் அணிக்குக் கணவர் தலைவர், ஏய்த்து ஓடும் அணிக்கு மகள். கணவர் ஜிப்பா கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "நடுவர் அவர்களே! ஸ்னோ கொட்டுது. கிரவுண்டு வழுக்குது. அங்க போய் வளைஞ்சு நெளிஞ்சு ஓடினா இடுப்பு ஒடிஞ்சிடும். அப்ப பந்தை யார் கையில குடுப்பீங்க?" முன்வரிசை அங்கிள்கள் தொடையைத் தட்டினார்கள்.

மகள் எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் அவரப் பிடிக்க வர்றாங்க" என்றாள். நிறுத்தினாள். "நாலு பேர். அஞ்சு பேர். சுத்தி நிக்கறாங்க. பிடிச்சிட்டாங்க." அரங்கைப் பார்த்தாள். "ஆனா அவர் அங்க இல்ல."

சிரிப்பும் கைதட்டலும் கூரைக்குப் போயின. அதற்கப்புறம் அவளுக்குப் பயம் போய்விட்டது. ஒருமை பன்மை உதைத்தது, ழகரம் காலை வாரியது, அவள் நிற்கவில்லை. என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நடுவர் அழக்கூடாது என்பதால் பேப்பரில் ஏதோ குறிப்பெடுப்பது போல் கிறுக்கினேன்.

ஆனால் அப்பா கேட்ட கேள்வியை அவள் தொடவே இல்லை. பனியை மறந்துவிட்டாள். தீர்ப்பு நேரத்தில் என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவளுக்குக் கொடுத்தால் அந்தத் தமிழுக்குக் கூலி கொடுத்தது போலாகும், அவளுக்கே அது தெரியும். கொடுக்காவிட்டால் இனி வாயே திறக்கமாட்டாளோ என்று பயமாக இருந்தது. எழுந்தேன். "பனிக்குப் பதில் வரவில்லை. இடித்து ஓடுபவரே தலைசிறந்தவர்" என்றேன். சங்க வரலாற்றில் ஒரு பக்கம் சாய்ந்த முதல் தீர்ப்பு. பின்வரிசைப் பையன்கள் ஊளையிட்டார்கள், செயலாளர் அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். கணவர் வெட்கமே இல்லாமல் மேடையில் துள்ளினார். மகள் என்னைப் பார்க்கவில்லை.

காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். கணவர் மட்டும் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினார். வண்டி ஹைவேயில் ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, நீ சொன்னது தப்பு."

திரும்பிப் பார்க்கவே பயந்தேன்.

"ஸ்னோல எல்லாருக்கும்தான் வழுக்கும். பிடிக்க வர்றவனுக்கும் வழுக்கும். ஆனா எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு ஓடறவருக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் விழுவான். அப்ப ஸ்னோ யாருக்கு ஹெல்ப் பண்ணுது? சொல்லு!"

மேடை இல்லை, மைக் இல்லை, கேட்க ஒரு கூட்டமும் இல்லை. என்னிடம் பேசுகிறாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

"அதெல்லாம் ஒத்துக்க முடியாதுடி" என்றேன்.

"ஏன் முடியாது?" என்று சீட்பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.