2417-ஆம் நம்பர் கட்டுமரம்

என் தங்கை தேசம்மா ஜெயித்தவற்றை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டது. சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் இவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கல்யாணமானதும் மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்ட மீன்கூடையை மாமியார் கையாலேயே திரும்பக் கொடுக்கவைத்தாள். சாந்தோம் சந்தையில் வேப்பமரத்து நிழல் விழும் இடத்தை, அதை வெகுகாலமாகப் பிடித்து வைத்திருந்த இரண்டு கிழவிகளிடமிருந்து, ஒரு வார்த்தை சண்டையில்லாமல், தினமும் அவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தே வாங்கினாள். மாதா திருவிழாக் கயிறிழுப்பில் பெண்கள் பக்கம் கடைசி ஆளாக நின்று, எதிர்ப்பக்கத்து ஆண்களை மணலில் உட்காரவைத்தாள். இவையெல்லாம் பாடுபட்டு ஜெயித்தவை. பாடுபடாமல் அவளுக்குக் கிடைத்தது ஒன்றுதான். அது ஒரு மோட்டார் கார்.

குப்பத்தில் இந்த விஷயத்தைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். துரைசானி பிரியப்பட்டுக் கொடுத்தாள் என்பது பொய். நடந்தது இதுதான். ஆற்றுக்கு அப்பால், அடையாற்றில் ஒரு தோட்டத்து பங்களாவில் தர்ம நிதிக்காகச் சீமாட்டிகள் ஒரு பஜார் நடத்தினார்கள். தேசம்மா அங்கே சமையல்காரனுக்கு வஞ்சிரம் கொண்டுபோனாள். அவனிடம் சில்லறை இல்லை. மீதிக்கு ஒரு லாட்டரிச் சீட்டைக் கொடுத்தான். அவனை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் அதை இடுப்பில் செருகினாள். சாயங்காலம் மேடையிலிருந்து ஒருவர் சீட்டின் எண்ணைக் கூவ, சமையல்காரன் இவளைக் கைகாட்ட, கூட்டமே திரும்பிப் பார்த்தது. இவள் மீனில் ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"காலைல புடிச்ச மீனு! செவுளைத் தூக்கிப் பாத்துத்தானே வாங்குனீங்க? திருப்பிக்கினு போவ மாட்டேன்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அவர்கள் கொடுத்தது மீனல்ல, பழைய கார். அவள் பெயரில் பதிவு செய்து, தங்கள் டிரைவரை வைத்தே குப்பம் வரை கொண்டுவந்து விட்டார்கள். டிரைவர் இறங்கிப் போனதும் சக்கரம் மணலில் புதைந்துகொண்டது. அதன்பின் அதை யாரும் அசைக்கவில்லை. கட்டுமரங்களுக்கு நடுவில் அது நின்றது. பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டன. தேசம்மாவின் புருஷன் மரியசெல்வம் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் பின்னினான். கார் அதற்கு மிகவும் வசதி என்று சொன்னான்.

ஆனால் தேசம்மாவுக்கு வேண்டியது கார் இல்லை. மரியசெல்வம் அதுவரை அடுத்தவர் கட்டுமரத்தில்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். சொந்த மரம் ஒன்று வேண்டும் என்பதே கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. மீர்சாகிப்பேட்டையில் மரக்கடை வைத்திருந்த கரீமுல்லா பாய்க்கோ கார் ஆசை. அவர் ஒருநாள் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கோழியை விரட்டி, உட்கார்ந்தும் பார்த்தார்.

"இதுக்கு இன்னா கேக்கிற தங்கச்சி?"

"ஒரு மரம். புதுசா. நல்லா மெதக்கணும்."

பேச்சு அவ்வளவுதான். நல்ல கட்டைகளாகப் பார்த்து வெட்டிச் செதுக்கி மரம் கரைக்கு வந்தது. கரீமுல்லா ஆட்களை வைத்துக் காரை மணலிலிருந்து கிளப்பினார். அப்போது தேசம்மா மீன்கத்தியோடு போய், காரின் முன்னாலும் பின்னாலும் இருந்த நம்பர் தகடுகளை நெம்பிக் கழற்றிக்கொண்டாள்.

"வண்டி உன்னுது பாய். அடையாளம் எங்களுது."

இதில் அவள் தவறு ஏதுமில்லை. எங்கள் குப்பத்தில் ஒவ்வொரு வீட்டு மரத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு. ஒருவர் மீன்வால் செதுக்குவார், ஒருவர் சிலுவை, ஒருவர் மூன்று கோடு. மரத்தை விற்றால் அடையாளத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். மரம் கவிழ்ந்து வெறுமனே கரை ஒதுங்கினால், எந்த வீட்டில் அழ வேண்டும் என்பதை அடையாளம் பார்த்துத்தானே முடிவு செய்ய முடியும்? விற்ற மரத்தில் பழைய அடையாளத்தை விட்டுவைத்து, உயிரோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தவனுக்கு ஒப்பாரி வைத்த வீடும் எங்கள் குப்பத்தில் உண்டு. மரியசெல்வத்துக்கு அதுவரை சொந்த மரம் இல்லாததால் சொந்த அடையாளமும் இல்லை. 2417 என்பதுதான் அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் அடையாளம். அதுவும் சர்க்கார் கொடுத்தது.

கரீமுல்லாவுக்கும் இது நியாயமாகவே பட்டது. கடையை விற்றால் பெயர்ப்பலகையைப் பழைய முதலாளி எடுத்துக்கொண்டு போவதில்லையா? அவர் பெயிண்டரைக் கூப்பிட்டு, 'கரீமுல்லா மரக்கடை, மீர்சாகிப்பேட்டை' என்று அழகாக எழுதிக் காருக்கு முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டார்.

தேசம்மா முன்தகட்டை மரத்தின் முன்பக்கத்திலும், பின்தகட்டைப் பின்பக்கத்திலும் அறைந்தாள். மாற்றி அடிக்கவில்லை. பின்தகட்டோடு சிவப்பு விளக்கு மாட்டுகிற கம்பியும் இருந்தது. மரியசெல்வம் அதில் கள்ளுக் கலயத்தைத் தொங்கவிட்டான்.

மரம் நன்றாக மிதந்தது, மீனும் வந்தது. இப்படி இருக்கும்போது கரீமுல்லா தியாகராய நகருக்குக் கார் ஓட்டிப் போனார். பனகல் பார்க் பக்கத்தில் ஏட்டு கங்காதரன் கையை நீட்டி நிறுத்தினார்.

"நம்பர் எங்க பாய்?"

"வித்தவங்க எடுத்துக்கினாங்க."

"எடுத்துக்கினு?"

"கடலுக்குப் போய்க்கினு கீறாங்க."

ஏட்டு அவர் வாயை மோந்து பார்த்தார். அப்புறம் காரில் ஏறி உட்கார்ந்து, "காட்டு" என்றார்.

அவர்கள் குப்பத்துக்கு வந்தபோது மரியசெல்வம் அப்போதுதான் கரையேறியிருந்தான். நானும் தேசம்மாவும் மீன் பிரித்துக்கொண்டிருந்தோம். ஏட்டு மரத்தைச் சுற்றி வந்து இரண்டு தகடுகளையும் படித்தார்.

"இந்த வண்டி யாருது?"

"இது வண்டி இல்ல நைனா, மரம்" என்றாள் தேசம்மா.

"நம்பர் கீதா இல்லியா?"

"கீது."

"அப்ப வண்டிதான். ஓட்றது யாரு?"

மரியசெல்வம் கையைத் தூக்கினான்.

"லைசென்ஸ் எங்க?"

"இன்னாத்துக்கு லைசென்ஸு?"

"மோட்டார் ஓட்ட."

"இதுல மோட்டார் எங்க நைனா கீது?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். மோட்டார் எங்க? கழட்டி வித்துட்டியா?" ஏட்டு கலயத்தைத் தட்டிப் பார்த்தார். "பின்னால சிவப்பு விளக்கு இருக்க வேண்டிய எடத்துல கள்ளு. ம்?"

"நடுக்கடல்ல பின்னால யாரு சாமி வந்து முட்டப் போறான்?" என்றாள் தேசம்மா.

அது ஏட்டுக்குப் பிடிக்கவில்லை. நம்பர் இல்லாத கார், நம்பர் இருக்கும் மரம், இரண்டும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார். மரத்தை எதில் கொண்டுபோவது? கட்டு அவிழ்த்துக் கட்டைகளைக் கரீமுல்லாவின் கார் மேலேயே ஏற்றிக் கயிறு போட்டார்கள். ஒரு தகடு காரின் நெற்றிக்கு நேராகவும் ஒன்று பின்னாலும் நின்றது. அந்தப் பயணத்தில் மட்டும் கார் சட்டப்படி ஓடியது என்பதை ஏட்டு உட்பட யாரும் கவனிக்கவில்லை. குப்பமே பின்னால் நடந்தது. மயிலாப்பூரில் அதைப் பார்த்த சிலர் சாமி புறப்பாடு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சிரிப்பெல்லாம் அதோடு முடிந்தது. மரம் ஸ்டேஷன் கொல்லையில் வெயிலில் கிடந்தது. மரியசெல்வம் முன்பு போய்க்கொண்டிருந்த மரத்தில் அவன் இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டான். தேசம்மா வேப்பமரத்து நிழலில் வெறுங்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இடத்தை விட்டால் கிழவிகள் வந்துவிடுவார்கள். கட்டை வெயிலில் வெடித்தால் அப்புறம் அது விறகுதான். கார் கரீமுல்லா பெயருக்கு முறைப்படி மாறினால் மரத்தை விடுகிறோம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஆகவே நான், தேசம்மா, கரீமுல்லா மூவரும் மோட்டார் பதிவு செய்கிற ஆபீசுக்குப் போனோம்.

அங்கே அனந்தராமன் என்கிற குமாஸ்தா, மயிலாப்பூர்க்காரர், முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

"காரை வித்தா நம்பரும் காரோடதான் போகும். கழட்டிண்டு போறதுக்கு அதென்ன மூக்குத்தியா?" என்றார்.

"சரி சாமி. அந்த வண்டி கவுந்துபோச்சுன்னா யாரு வூட்ல அழுவுறது?"

அனந்தராமனிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எதிரில் இருந்த பெரிய புத்தகத்தைப் பார்த்து, "இதுல யார் பேர் இருக்கோ, அவா ஆத்துல" என்றார்.

"இப்ப யாரு பேரு கீது?"

"உன் பேர்தான்."

தேசம்மா கரீமுல்லா பக்கம் திரும்பினாள். "பாத்தியா பாய்! நீ எங்கனா போய் குட்டிக்கரணம் போட்டா என் வூட்ல ஒப்பாரி! மாத்து சாமி, இப்பவே மாத்து. தகடும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

இப்போது கரீமுல்லாவின் முகம் வெளுத்தது. "அரே, நான் வாங்கினது காரா, மௌத்தா? எனக்கு வேணாம். அவ பேர்லயே இருக்கட்டும்."

"அப்போ காரை விட்டுடறேளா?" என்று கேட்டார் அனந்தராமன்.

கரீமுல்லா ஜன்னல் வழியாக வெகுநேரம் வெளியே பார்த்தார். தெருவோரத்து நிழலில் யாருடைய காரோ பளபளத்துக்கொண்டிருந்தது. பெருமூச்சு விட்டார். "போடு சாமி. அழுவுறதுக்கு எங்க வூட்லயும் ஆளுங்க கீறாங்க."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். விற்றவள் ரேகை வைக்க வேண்டும் என்று மைப்பெட்டியை நீட்டினார். தேசம்மா இடது கட்டைவிரலை வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, கோடு ஒன்றுமில்லை. வலது விரல், மற்ற விரல்கள், எல்லாம் அப்படியே. உப்புத் தண்ணீரிலும் செதில் சுரண்டியதிலும் என் தங்கையின் ரேகைகள் தேய்ந்து போயிருந்தன. காகிதத்தில் காக்கை நடந்தது போல் இருந்தது.

"இது யார் விரலாவும் இருக்கலாமே" என்றார் அனந்தராமன். "கையெழுத்துதான் போடணும்."

"நான் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ போட்டா அது உன் கையெழுத்து. விக்கறவா போடணும்."

வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "எம் பேரு எத்தினி துண்டு யக்கா?"

அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. குப்பத்துக்குத் திரும்பியதும் கரையின் ஈர மணலில் நான் எழுதிக் காட்டியதை நின்றுகொண்டே பார்த்தாள். மரத்தில் அடையாளம் செதுக்குகிறவர்கள் வாலிலிருந்து தொடங்குவது வழக்கம். அவளும் கடைசி எழுத்திலிருந்து தொடங்கி முன்னால் வந்தாள். "மாஷா அல்லா, உருது மாதிரியே எழுதுது!" என்று கரீமுல்லா சந்தோஷப்பட்டார். எப்படித் தொடங்கினாலும் முடிவில் சரியாகத்தான் இருந்தது. அலை வந்து அழித்தது. மறுபடி எழுதினாள். அன்று சந்தைக்குப் போகவில்லை. கிழவிகள் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள் என்று யாரோ வந்து சொன்னபோதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடியும் ஆபீசுக்குப் போனோம். செதில் சுரண்டுகிற அழுத்தத்தில் முதல் நிப்பு பிளந்தது.

"பேனாம்மா அது. கத்தி இல்லே" என்றார் அனந்தராமன், வேறு நிப்பு போட்டுக்கொண்டே.

'மா' முதலில் வந்தது. பிறகு 'ம்', பிறகு 'ச'. 'தே' போட இடம் போதாமல் காகித ஓரத்தைத் தாண்டி, மேஜைமேலும் கொஞ்சம் போனாள். அனந்தராமன் தலையைச் சாய்த்து இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் படித்துப் பார்த்து, "தேசம்மா" என்று உரக்கச் சொன்னார். முத்திரை குத்தினார். மேஜையை மட்டும் துடைக்கச் சொல்லவில்லை.

அன்று மாலையே ஸ்டேஷனில் மரத்தை விட்டுவிட்டார்கள். தகடுகளைக் கரீமுல்லா கையிலேயே வாங்கிக்கொண்டார். எங்கும் வெடிப்பு இல்லை என்று மரியசெல்வம் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்துச் சொன்னான். மறுநாள் மாதா திருவிழா; அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. அதற்கு மறுநாள் விடியலில் அவன் சொந்த மரத்தில் போனான். மரத்துக்கு மீன்வாலா, கோடா என்று புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. என் தங்கை தேசம்மா முதன்முதலாகத் தன் கையெழுத்தைப் போட்டது 1934-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 14-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.