மன்றாட்டில் ஒரு பெயர் தெரியாதவன்: கல்வராயன் அடிவாரத்தில் ஒரு சுதந்திர தினம்

"டீச்சர், எதிரியை நேசின்னு சாமி சொல்றாரு. பட்டாளத்துல சுடுன்னு சொல்வாங்க. அப்ப லீவுல வந்தா மட்டும் நேசிக்கலாமா?"

சங்கராபுரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் இருதயராஜ் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பையன் பிறகு பட்டாளத்தில் சேர்ந்து, பதினேழு வருடம் இருந்து, ஊர் திரும்பி, இப்போது கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறார்.

இந்த ஆகஸ்ட் மாதம் நான் அங்கே போனது அருவி பார்க்க அல்ல. என் சித்தி மகன் சவரிமுத்து, இருதயராஜின் ஊர் மாதா கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவையின் தலைவன். அவன்தான் போன் செய்தான். "அக்கா, இருதயராஜு கொடி ஏத்த மாட்டேங்கறான். நீ சொன்னா கேப்பான். பதினாலாம் தேதியே வந்துடு." ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். மலை அடிவாரத்தில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பதினைந்து கத்தோலிக்கர்களுக்கு மாதா விண்ணேற்புப் பெருவிழா. அதனால் நம் ஊர்க் கோயில்களில் காலையில் திருவிழாப் பூசை முடிந்ததும், கோயில் வளாகத்திலேயே தேசியக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்பார்கள். சுற்றுத் தெருக்களிலிருந்து மற்ற மதத்தவர்களும் கொடிக்கு வந்து நிற்பார்கள். இந்த ஊரில் கொடி ஏற்றுவது ஆறு வருடமாக இருதயராஜ்தான்.

காலை ஆறு பத்துக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர், எட்டரைக்கு இறங்கினேன். என் முழங்காலுக்கு அந்த இரண்டேகால் மணி நேரமே ஒரு முழு நாள். பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உட்கார இடமும் இல்லை. கரும்பு, மரவள்ளி, நடுநடுவே செங்கல் சூளை. ஜன்னலோரம் கிடைத்திருந்தால் நன்றாக ரசித்திருப்பேன்.

கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஃப்ளெக்ஸ். சவரிமுத்துவின் கைவண்ணம். இடது பக்கம் மாதா, வலது பக்கம் சீருடையில் இருதயராஜ், கையில் துப்பாக்கி, நடுவில் மூவர்ணம். 'தாயகம் காத்த எங்கள் தங்கமகன் கொடியேற்றுகிறார்' என்று எழுதியிருந்தது. அவரைக் கேட்காமலே அடித்துவிட்டார்கள்.

அந்த ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழேயே ஜீப்பை நிறுத்தி, "வெள்ளிமலை, வெள்ளிமலை" என்று கூவிக்கொண்டிருந்தார் தங்கமகன். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கூவுவதை நிறுத்தினார்.

"டீச்சர். என்னைத் திட்டறதுக்கு விழுப்புரத்துலேருந்து ஆளு எறக்கிட்டாங்களா?"

"மலைக்குப் போகலாம்னு வந்தேன்."

"பொய் சொல்ல உங்களுக்கு இன்னும் வரல. ஏறுங்க, முன்னாடி குந்துங்க."

வெள்ளிமலைக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஐம்பது ரூபாய். ஜீப் நிறைந்தால்தான் கிளம்பும். நாங்கள் கிளம்பியபோது பின்னால் ஒன்பது பேர், இரண்டு அரிசி மூட்டை, ஒரு சேவல். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் காற்று குளிர்ந்தது. முந்தின நாள் மழையில் பாறைகளிலிருந்து தண்ணீர் சாலைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"மாதா பக்கத்துல துப்பாக்கியோட நிக்கறேன், பாத்தீங்களா? எங்க வூட்டுக்காரி ரெண்டு நாளா என்னைப் பாத்துச் சிரிச்சிக்கினு இருக்கா. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றதுக்கும் துப்பாக்கியோடதான் போவியான்றா."

ஃப்ளெக்ஸ்தான் பிரச்சினை என்றால் கழற்றிவிடலாமே என்றேன். அவர் தலையசைத்தார். போன மாதம் டீக்கடையில் ஒருவர், 'உங்களுக்கெல்லாம் தாய்நாடு ரோமாபுரிதானே' என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அதைக் கேட்டுத்தான் சவரிமுத்து ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறான், ஊருக்குக் காட்ட.

எனக்கு அது புதிதல்ல. ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை இதே கேலியைக் கேட்டு, டீயோடு சேர்த்து விழுங்கியிருக்கிறேன். பழைய வழக்கப்படி ஓர் உதாரணம் சொன்னேன். "ஒரே பிள்ளை வீட்டில் மகன், பள்ளியில் மாணவன், பஸ்ஸில் பயணி. ஒன்றாக இருப்பதற்கு இன்னொன்றைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. நீ கிறிஸ்தவன், இந்தியன், பட்டாளக்காரன். கொடி ஏற்றினால் எதுவும் குறைந்துவிடாதே."

"பஸ்ஸுன்னு நீங்களே சொன்னீங்க. கண்டக்டர் ஒரு வாட்டி டிக்கெட்டு கேப்பாரு, காட்டுவோம். எங்கள மட்டும் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு எழுப்பிக் கேக்கறாங்க டீச்சர். பதினேழு வருசம் காட்டிட்டேன். கை வலிக்குது."



வெள்ளிமலையில் ஆட்களை இறக்கிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பெரியார் அருவி அருகில்தான். என் காலைப் பார்த்துவிட்டு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டீ குடிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"கொடி ஏத்த மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல, கொடி மட்டும் ஏத்த மாட்டேன்னேன். பூசையில ஒரு மன்றாட்டு நான் படிக்கணும்னு கேட்டேன். அதுக்குத்தான் அவங்க பயப்படறாங்க."

பூசையின் நடுவே மக்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து ஒரு வேண்டுதலை வாசிப்பார்கள். நோயாளிகளுக்காக, மழைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக. ஒவ்வொன்றின் முடிவிலும், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று கூட்டம் சொல்லும். இருதயராஜ் வேண்ட நினைத்தது எல்லைச் சண்டையில் இறந்த எதிர்ப்பக்கச் சிப்பாய் ஒருவனுக்காக.

"மலை உச்சியில போஸ்ட்டு. ஒரு நாளு விடிகாலையில சண்டை. முடிஞ்சப்பறம் அவங்காளு ஒருத்தன் எங்க பக்கத்துல கெடந்தான். வாங்கிக்க யாரும் வரல. நாங்கதான் குழி வெட்டினோம். மௌல்வி ஒருத்தரக் கூட்டியாந்து, அவங்க மொறைப்படியே ஓதி அடக்கம் பண்ணோம். நம்ம பட்டாளத்துல அதெல்லாம் ஒழுங்கா செய்வாங்க. அவன் காலுல சாம்பல் கலர் காலுறை. குதிகாலு பிஞ்சி பச்சை நூலுல தைச்சிருந்துச்சு. யாரோ வூட்ல குந்திக்கினு தைச்சிருக்காங்க. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு அவனுக்கு ஒரு மெழுகுத்திரி வெக்கறேன். எங்க தாத்தாவுக்குன்னு எல்லாரும் நெனைச்சிக்கினு இருக்காங்க."

"மெழுகுத்திரி போதாதா?"

"கொடிய எல்லாருக்கும் முன்னாடி ஏத்தறேன். இவன மட்டும் ஏன் ஒளிச்சு வெக்கணும்?"

மாலை ஐந்து மணிக்குக் கீழே இறங்கினோம். பங்குச் சாமியார் வீட்டு வராந்தாவில் சவரிமுத்து காத்திருந்தான். சாமியாருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்; ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மைக் செட்டு நாலு தெருவுக்கும் கேக்கும்க்கா," என்றான் சவரிமுத்து. "கொடிக்குன்னு ஊரே வாசல்ல நிக்கும். எவனாவது போன்ல புடிச்சு, சுதந்திர தினத்துல எதிரிக்குப் பூசை வெச்சாங்கன்னு எழுதிப் போட்டான்னா, நாளைக்கு நம்ம புள்ளைங்க பஸ்ல போக வேணாமா?"

"எழுதட்டும்," என்றார் இருதயராஜ். "தப்பில்லாம எழுதுறானான்னு டீச்சர் பாத்துக்குவாங்க."

 சவரிமுத்துவின் பயம் பொய்யில்லை என்று எனக்கும் தெரியும். அவன் மகள்கள் இருவரும் கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்குத் தினமும் அதே பஸ்ஸில்தான் போகிறார்கள்.

சாமியார் ஒரு வழி சொன்னார். "'போர்களில் இறந்த எல்லோருக்காகவும்'னு பொதுவா வேண்டிக்கலாமே, அண்ணே. அதுல அவரும் வந்துடுவார்."

"பொதுவா சொன்னா அவன் வர மாட்டான், சாமி. பொதுவா சொல்றதுக்கு நான் எதுக்கு?"

என்னைப் பார்த்தார்கள். இதற்காகத்தானே வரவழைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் அசதி. கொடியை ஏற்றச் சொல்லி ஒருவரை வற்புறுத்தலாம், அவருடைய வேண்டுதலை நான் எப்படித் திருத்துவது என்று மட்டும் சொன்னேன். சவரிமுத்து எழுந்து போய்விட்டான். 'காலையில் பார்க்கலாம்' என்றார் சாமியார். அது சம்மதமா மறுப்பா என்று எங்களில் யாருக்கும் புரியவில்லை.

காலை ஆறரைக்குப் பூசை. கோயில் நிறைந்து, வாசலிலும் ஆட்கள். கொடிக்காக வந்தவர்கள் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் வார்டு மெம்பர் செல்வியும் இருந்தார். அவருடைய ஒரே மகன் எல்லையில் பணியில் இருக்கிறான் என்று இருதயராஜின் மனைவி பிலோமினா என் காதில் சொன்னாள். சொல்லும்போது அவள் கை என் கையைப் பிடித்திருந்தது.

மன்றாட்டு நேரம் வந்தது. மழைக்காக ஒரு பெண் வாசித்தாள். நாட்டுக்காகச் சவரிமுத்து வாசித்தான். பிறகு சாமியார் மைக்கிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, இருதயராஜ் இருந்த பக்கம் பார்த்தார். அவ்வளவுதான். இருதயராஜ் எழுந்தார்; வெள்ளைச் சட்டை, மெடல் இல்லை. முன்னே போனார். கையில் தாள் எதுவும் இல்லை.

"எல்லையில, நான் சுட்டு இறந்துபோன, பேரு தெரியாத அந்த மனுசனுக்காகவும், அவன் காலுறையத் தைச்சுக் குடுத்தவங்களுக்காகவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

'நான் சுட்டு.' மலையில் என்னிடம் அதைச் சொல்லவில்லை. பிலோமினாவின் பிடி இறுகியதைப் பார்த்தால், அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

கூட்டம் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வெளியே ஒலிபெருக்கியில் அந்த அமைதியும் கேட்டிருக்கும். நானும் பிலோமினாவும் சொன்னோம். பின்னாலிருந்து இன்னும் சில குரல்கள், தூக்கத்தில் பேசுவதுபோல், ஒன்றோடொன்று சேராமல். சவரிமுத்துவின் உதடு அசைந்ததா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பூசை முடிந்து இருதயராஜ் கொடியை ஏற்றினார். பூக்கள் உதிர்ந்தன. எல்லோரும் தேசிய கீதம் பாடினார்கள். அது முடிந்ததும் வழக்கமாக அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆட்கள் வருவார்களாம். இந்த முறை அவரைச் சுற்றி ஒரு வட்டம்போல வெற்றிடம். செல்வி மட்டும் அந்த வட்டத்துக்குள் நடந்து போனார். 

"அந்தாளுக்கு இன்னா வயசுண்ணா இருக்கும்?"

"இருவத்துமூணு, இருவத்துநாலு இருக்கும், தங்கச்சி."

"எம்புள்ளைக்கு இருவத்துமூணு." செல்வி முந்தானையை இழுத்துச் செருகினார். "எனக்குப் புடிக்கலண்ணா, நீ சொன்னது. கேக்கவே வவுறு எரிஞ்சிது. ஆனா நீ யாருக்கோ இப்படி வேண்டறியே. எம்புள்ளைக்கும் வேண்டு. அவன் பேரத்தான் மொதல்ல சொல்லணும். அப்பறம்தான் அந்தாளு."

"பேரு இன்னா?"

"தமிழரசன்."

"தமிழரசன் மொதல்ல," என்றார் இருதயராஜ். செல்வி மிட்டாய் வாங்காமல் போனார்.

நான் ஊர் திரும்பிய பிறகு அந்த மன்றாட்டின் வீடியோ போன்களில் சுற்றியது. சவரிமுத்து பயந்த அளவுக்கு இல்லை என்றாலும், சிலர் இருதயராஜின் ஜீப்பில் ஏறுவதில்லை. அடுத்த வண்டிக்கு நிற்கிறார்கள். நாட்டையும் சாமியையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ள முடியுமா என்று புத்தகங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தது ஒரு மனிதர் இரண்டையும் ஒரே காலையில் தூக்கிச் சுமந்ததை. சுமை குறைந்ததாகத் தெரியவில்லை. பிலோமினா அவரோடு நான்கு நாள் பேசவில்லையாம். ஐந்தாம் நாள், "அந்தாளுக்கு மெழுகுத்திரி வாங்கறப்ப நல்லதா வாங்கு," என்று மட்டும் சொன்னாளாம்.

போக நினைப்பவர்களுக்கு: மழை மாதங்களில் மலைச் சாலை வழுக்கும், காலையிலேயே ஏறிவிடுங்கள். ஷேர் ஜீப்கள் மாலை ஐந்துக்கு மேல் குறைவு. மேலே போன் சிக்னலை நம்பாதீர்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள்.

பட்டாளத்திலிருந்து திரும்பியவர் உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அடுத்த முறை பார்க்கும்போது சண்டையைப் பற்றிக் கேட்காமல், "யாருக்காவது வேண்டிக்கொள்ளணுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருந்து பாருங்கள்.