அணியில் செய்த ஒரே மாற்றம்

தொண்ணூறுகளில் ஒரு கோடை முழுக்க, லண்டன் ஹரோவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் கிரிக்கெட் அணி ஒரு ஆட்டம் விடாமல் தோற்றது. நான் ஆடுபவனல்ல. எல்லைக் கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் இருந்து ஸ்கோர் எழுதுபவன். யார் எத்தனை கேட்சை விட்டார்கள் என்பதெல்லாம் என் கொப்பியில் இருந்தது. பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேரை நிறுத்தி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் இளம் தகப்பன்மார் மூவரைச் சேர்த்து, புதுப் பட்டியல் எழுதி அணித் தலைவர் அண்ணையிடம் கொடுத்தேன்.

அண்ணை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறுதலாக, ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

“ஓபனரை நிப்பாட்டச் சொல்லுறீர். அவற்ற மனுசிதானே எங்களுக்கு ரோல்ஸ் பொரிச்சு அனுப்புறவ?”

“ஓம் அண்ணை. ஆனா அவர் மூண்டு ஆட்டமா ஒரு ஓட்டமும் எடுக்கேல்லை.”

“ரோல்ஸ் ஒரு நாளும் பிழைக்கேல்லையே. சரி, கீப்பரை நிப்பாட்டினா எங்களை ஏத்திக்கொண்டு வாற வானை ஆர் ஓட்டுறது?”

“அவருக்குக் குனிய ஏலாது அண்ணை.”

“வான் ஓட்டக் குனியத் தேவையில்லை, தம்பி.”

மூன்றாவது பெயரில் அவருடைய விரல் நின்றது. அது அவருடைய பெயர்தான்.

“யோசிப்பம்” என்று பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

யோசித்துத்தான் இருக்கிறார். அடுத்த ஞாயிறு நான் போனபோது அதே பதினொரு பேரும் களத்தில் நின்றார்கள். என் மடக்கு நாற்காலியில் வேறொருவர் இருந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார்.