ரோஸ் கலர் ஊசிப் பை

இன்று சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஒரு பை பின்னி முடித்தேன். ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசிகளை வைக்க, ரோஸ் நூலில் குரோஷா போட்ட உறை. வாயைச் சுருக்க ஒரு கயிறு, அவ்வளவுதான்.

கடைசி முடிச்சுப் போடும்போது டிரைவர் பிரேக் அடித்தார். எதிர்வரிசை சீட்டில் இருந்த மீசைக்காரர் மடியில் துண்டில் சுற்றி வைத்திருந்த புல்லாங்குழல் நழுவி, படிக்கட்டுப் பக்கம் உருண்டது. தாவிப் பிடித்துவிட்டேன்.

"நல்லவேளைங்க! மைன்ஸ்ல ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா வர்றேன். அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். சர்ச்சுல நான்தான் வாசிக்கணும். நாலு பேர் முன்னாடி வாசிக்கிறது இதான் முதல் தடவை" என்றார். குழலை மறுபடி துண்டில் சுற்றப் பார்த்தார்.

"இதுல போட்டுப் பாருங்க" என்று பையை நீட்டினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் குழல் உள்ளே போனது.

"ரோஸ் கலருங்க. எடுத்துக்கினு போனா எங்க ஆளுங்க கிண்டல் பண்ணுவாங்களே!"

"வாசிக்க ஆரம்பிச்சா யாரு பையைப் பார்க்கப் போறாங்க? இங்கயே கொஞ்சம் வாசிங்களேன்."

தயங்கித் தயங்கி வாசித்தார். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு பாட்டு வந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு நின்றார். பஸ்ஸே கைதட்டியது.

ரோஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மீசையை நீவியபடி இறங்கிப் போனார்.

என் ஊசிகள் இப்போது வீட்டுக்காரரின் ஃபிளாஸ்க்கில் நிற்கின்றன. நைட் ஷிஃப்டுக்கு டீயை எதில் கொண்டுபோவது என்று கேட்கிறார். யோசனை இருந்தால் சொல்லுங்களேன்.