விற்ற வண்டியின் குறுஞ்செய்திகள்

என் தங்கை தனக்கோடி ஜெயித்ததை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே கார் லைசென்ஸ் வாங்கினாள். வாடகை வண்டி ஓட்ட எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை எடுத்த வருஷமே அதற்கான பேட்ஜும் வாங்கினாள். "நைட் ஷிப்டுக்குப் பொம்பள டிரைவரா?" என்று சிரித்த கேப் சூபர்வைசர், பிறகு தன் மகள் கல்யாணத்தில் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போக இவளைத்தான் கூப்பிட்டார். தொம்மலூரில் எங்கள் சந்துக்குள் காரே வரக்கூடாது என்று கல்லைப் போட்டு மறித்தவர்களிடம் பேசிப் பேசியே ஒரு கார் நிறுத்த இடம் வாங்கினாள். புருஷன் விட்டுப்போன பிறகு, சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு வெள்ளை ஆல்டோ வாங்கினாள். வாடகைக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே ஓட்டி அவளே போய்வர.

அந்த ஆல்டோவைத்தான் போன ஆவணியில் விற்றாள். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி கிளட்ச் மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாங்கியவன் ஹரிஷ்குமார். தர்மபுரிப் பக்கத்துப் பையன், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. பேரமே பேசவில்லை. கேட்டதை அங்கேயே போனில் அனுப்பிவிட்டு வண்டியை எடுத்துப் போனான்.

"பேரம் பேசாம கார் வாங்குறவன் யாருடி இருக்கான்?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"வுடுக்கா. சும்னே எல்லாரையும் சந்தேகப்படாத" என்றாள். ஆனால் அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் போனை எடுத்துக்கொண்டு என் தையல் கடைக்கு வந்தாள். ஏதோ செய்தி வந்திருக்கிறது, படி என்றாள். சுங்கச்சாவடியில் பணம் பிடித்த செய்தி. வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டாகை எடுக்காமலே விற்றிருக்கிறாள். வண்டி அவனிடம், சுங்கம் இவள் கணக்கில்.

"நாளைக்கே பேங்குல சொல்லி மூடு" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள்.

அதிலிருந்து செய்தி வரும்போதெல்லாம் கடைக்கு வருவாள். வெள்ளிக்கிழமை அத்திப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி. ஞாயிறு திரும்பக் கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி. சரி, ஊருக்குப் போய்வருகிறான். ஆயுத பூஜை வாரத்தில் மட்டும் ஒரே நாளில் பல தடவை. எனக்கு உறுதியாகிவிட்டது. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுகிறான். போலீஸ் பிடித்தால் ஆர்.சி.யில் இன்னும் இருப்பது என் தங்கை பெயர்.

இன்னொன்றும் இடித்தது. கணக்கில் பணம் தீரும் சமயம் யாரோ ரீசார்ஜ் செய்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் கடையைப் பூட்டச் சாவியை எடுத்தேன்.

"அடுத்தவங்க பேர்ல இருக்கிற டேக்குக்கு எவனாவது காசு போடுவானா? வண்டில என்னத்தையோ ஏத்திட்டுப் போறான் தனம். விஷயம் வெளிய வரக்கூடாதுன்னு அமைதியா பாத்துக்கிறான். வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு, "நான்தாங்க்கா போட்டேன்" என்றாள். "மூலைக் கடைப் பையன்கிட்ட சொல்லி."

"எதுக்குடி?"

"டேக் நின்னுச்சுன்னா செய்தி நின்னுடும். வண்டி எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கேட்கக் கேட்க மற்றதும் வந்தது. ஆர்.சி. மாற்றுவதற்கான இருபத்தொன்பதாம், முப்பதாம் எண் ஃபாரங்களை அவன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இவள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அவன் போன் செய்தால் எடுப்பதில்லை. வந்த பணத்திலிருந்து ஒரு ரூபாய் தொடவில்லை.

"திருப்பிக் குடுத்துட்டு வண்டிய வாங்கிக்கலாம்க்கா. பேரு இன்னும் என் பேர்லதானே இருக்கு."

அடுத்த ஞாயிறு ஃபாரங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். சில்க் போர்டில் பஸ் மாறும்போதுகூட, வண்டியைக் கேட்டால் அவன் என்ன சொல்வான் என்பதையே பேசிக்கொண்டு வந்தாள். அவன் நல்லவனில்லை என்றிருந்தால் அவளுக்குத் திருப்பிக் கேட்பது சுலபம். எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது.

அவன் குடியிருக்கும் கட்டடத்து வாசலிலிருந்து கூப்பிட்டதும் ஹரிஷ்குமார் கீழே வந்தான். எங்களைப் பார்த்து அவன் முகம் மலரவில்லை.

"வாங்கக்கா. போலீஸோட வருவீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க எதுக்குப்பா போலீஸோட வரணும்?" என்றேன்.

"போன் எடுக்கல. பேப்பர் தரல. டேக்ல தானா காசு ஏறுது. காசும் வாங்கிட்டு, வண்டி திருடு போச்சுன்னு கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறாங்கன்னு என் வீட்ல பயந்துட்டாங்க. நான் கூப்பிட்ட கால் எல்லாம் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்."

"பூஜை வாரம் ஒரே நாள்ல அத்தன தடவ டோல் தாண்டியிருக்க. வாடகைக்கு விடலையா நீ?"

"ஊர்லேர்ந்து மாமனார் குடும்பமே ஓசூர் வரைக்கும் பஸ்ல வந்துச்சு. அஞ்சஞ்சு பேரா ஏத்திட்டு வந்தேன். வாடகையா? ஒருத்தன்கூட டீக்குக் காசு குடுக்கல."

தனக்கோடி எங்கள் பேச்சில் இல்லை. வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். சீட் உறை மாறியிருந்தது. பின்சீட்டில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. "கொஞ்சம் உக்காந்து பாக்கட்டுமா?" என்றாள். அவன் யோசித்தான். பிறகு சாவியைத் தராமல் கதவை மட்டும் திறந்துவிட்டான். நானாக இருந்தாலும் சாவியைத் தந்திருக்க மாட்டேன்.

சீட் ரொம்ப முன்னால் இழுத்திருந்தது. அவன் மனைவி உஷா குள்ளம், இப்போது அவள்தான் தினமும் ஓட்டுகிறாளாம். தனக்கோடி உடம்பைத் திணித்து உட்கார்ந்து, காலை நீட்டிக் கிளட்சை மிதித்தாள். அடிவரை போகவில்லை. மறுபடி மிதித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். இறங்கும்போது என் கையும் போதாமல் ஹரிஷ்குமார் ஒரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது.

வண்டியைத் திருப்பிக் கேட்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் பையிலிருந்து ஃபாரங்களை எடுத்தாள்.

"மேல வாங்கக்கா, ஸ்டாம்ப் பேட் இருக்கு" என்றான் அவன். தனக்கோடி எல்லாவற்றுக்கும் கைநாட்டுதான், விற்ற அன்றே அவனிடம் அதைச் சொல்லியிருந்தாள்.

"பேட் வேணாம். அக்கா, என் பேரைத் தமிழ்ல எழுதிக் காட்டு."

"இப்ப எதுக்குடி? விரலை வெச்சாலே செல்லும்."

"செல்லும். ஆனா நாளைக்குக் கால் கொஞ்சம் தேவலைன்னா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைய மிரட்டிக் கைநாட்டு வாங்கிட்டாங்கன்னு சொல்லுவேன். என்னை எனக்குத் தெரியும். நானே குடுத்தேன்னு இருக்கணும்."

மேலே அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஒரு பீட்சா கடை நோட்டீஸின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினேன். அவள் அதன் கீழே எழுதிப் பார்த்தாள். 'க்'குக்கு மேல் புள்ளியை முதலில் மறந்தாள். 'கோ'வின் கொம்பு படுத்துக்கொண்டது. உஷா காபி வைத்துவிட்டு நின்று பார்த்தாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. நோட்டீஸில் இடம் தீர்ந்ததும், முதலில் ஃபாரம் காலியாக இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னாள். காலியாகத்தான் இருந்தது. ஹரிஷ்குமாரின் பெயர், வண்டி எண், விற்ற தேதி எல்லாவற்றையும் அவனை எழுதவைத்து, நான் உரக்கப் படித்த பிறகே ஃபாரத்தில் பேனாவை வைத்தாள். ஃபாஸ்டாகை மூட அங்கிருந்தே போன் செய்தோம்.

தனக்கோடி முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.