குப்புறப் படுத்து எடுத்த சால்

உலகச் சண்டை நடந்த காலத்தில், பரளச்சிப் பக்கம் இருந்த எங்கள் கிணற்றில் மாடு கட்டி இறைக்கும் கமலையின் வடம் அறுந்து, தண்ணீர் அள்ளும் இரும்புச் சால் உள்ளே விழுந்துவிட்டது. சால் இல்லாமல் தண்ணீர் இறைக்க முடியாது. புதிது வாங்கலாமென்றால், அப்போது ஓர் ஆணி வாங்கவே நாயாய் அலைய வேண்டும். மிளகாய் பூவெடுத்து நின்றது. நாலு நாள் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் சருகு. அந்த வருஷக் கஞ்சியே அதில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியும். வேறு எதுவும் பெரிதாகத் தெரியாது. தொந்தி பெருத்த மனுஷன், சும்மா முங்கினால் தக்கையாக மேலே வந்துவிடுவார். அதனால் இடுப்பில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு, புது வடத்தின் நுனியைப் பிடித்தபடி இறங்கினார். மூச்சு முட்டினால் கல்லை அவிழ்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் கல் இடுப்பில் இருந்ததால் கால்தான் முதலில் தரை தொட்டது. முழங்கால்வரை சகதி. கலக்கின கலக்கலில் ஒன்றும் தெரியவில்லை என்று எருமையாட்டம் எழுந்து வந்தார்.

கரையில் நின்ற என் அண்ணன் பெரிய மேதாவி. கல்லைக் கழுத்தடியில் கட்டச் சொன்னார். இந்தத் தடவை தலை போய்ச் சேற்றில் குத்தியது. மூக்கு, வாய், மீசை எல்லாம் சகதி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வீட்ல நாளெல்லாம் குப்புறப் படுத்துக் கெடக்கத் தெரியுதுல்ல? உள்ளயும் அப்படியே படுங்க. நிக்காதீக" என்றேன்.

வீட்டுக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தேன். நெஞ்சுக்குழியில் குறுக்காக வைத்துக் கட்டி, படியோரத் தண்ணீரில் அவரைப் படுக்கவைத்துப் பார்த்தேன். கால் தாழ்ந்தால் கல்லை மேலே ஏற்றினேன். தலை தாழ்ந்தால் கீழே இறக்கினேன். ஒருவழியாக உடம்பு மட்டத்துக்கு வந்தது. பாயில் படுத்த வாக்கிலேயே ஆள் இறங்கினார். துளிச் சேறு கிளம்பவில்லை.

கொஞ்ச நேரத்தில், சாலைக் கட்டியாயிற்று என்பதுபோல் வடம் வெட்டி இழுத்தது. அண்ணன் இழுத்தார். சால் வந்தது. அவர் வரவில்லை.

தண்ணீரில் குமிழியும் நின்றுபோனது. மிளகாயாவது மண்ணாங்கட்டியாவது, ஆள் வந்தால் போதும். மாதாவைக் கும்பிட்டேன், கும்பிட்ட வாயாலேயே மாதாவை வைதேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார், அவ்வளவுதான். அவருக்கு நீச்சல் தெரியாது.

அப்போது எதிர்ப்படியில் ஒரு கை தெரிந்தது. அடுத்து தலை. ஒரு கையால் தண்ணீருக்குள் கிடந்த படிகளைப் பிடித்துப் பிடித்து, மறு கையில் குழவியை இடுக்கிக்கொண்டு, கண் பிதுங்க ஏறி வந்தார்.

கல்லை விட்டுத் தொலைத்துவிட்டு வர வேண்டியதுதானே என்று கத்தினேன். இரைத்து இரைத்து அவர் சொன்னார்: "இத விட்டுட்டு வந்தா... நீ வீட்டுக்குள்ள விடுவியா?"

அண்ணன் சாலைக் கட்டிக்கொண்டு சிரித்தார். நான் அந்தக் குழவியை வீட்டுக்காரர் கையிலிருந்து பிடுங்கி, கிணற்றுக்குள்ளேயே திரும்ப வீசினேன். மிளகாய் அந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. அரைக்கப் பக்கத்து வீட்டு அம்மிக்குத்தான் போனேன்.