பலாலி வரை பறக்க ஒரு கணினி

சென்ற வாரம் வத்தேகமச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. குண்டசாலையில் நிர்மலா அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண். "விஜி மிஸ், அக்கா காலையில எந்திரிக்கல்ல. தூக்கத்துலேயே போயிட்டாங்கன்னு டொக்டர் சொல்றாரு" என்றாள். பையைக் கடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

கண்டியில் எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்து, இன்று அவரை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களுக்கு, அவர் அதிகம் பேசாத யாழ்ப்பாணத்துப் பெண். அவர் சொந்தக் கையால் ஒரு கணினி பொருத்தியதும், அதனால் பட்ட பாடும் சிலருக்கே தெரியும்.

போரினால் யாழ்ப்பாணப் பாதையை மூடியிருந்த காலம். பலாலி விமானத்தளத்துக்குப் பக்கத்திலிருந்த அவரது ஊரை எப்போதோ இராணுவப் பாதுகாப்பு வலயமாக்கிச் சனங்களை வெளியேற்றிவிட்டார்கள். தாய் சுன்னாகத்தில் உறவினர் வீட்டில், படுக்கையில். விமானத்துக்கும் கப்பலுக்கும் அனுமதி கேட்டு அக்கா அலைந்தார், கிடைக்கவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: "விஜி, பிளேன் ஓட்டுற கேம் ஒண்டு இருக்கு. அதில பலாலியும் இருக்காம். எனக்கு அதுக்கேத்த மெஷின் ஒண்டு வேணும்."

விளையாட்டுக்கென்று செய்த கணினியை வாங்க எங்கள் சம்பளம் போதாது. பாகம் பாகமாக வாங்கிப் பொருத்துவதுதான் வழி. நகரத்தில் நவாஸ் நானாவின் கணினிக் கடைக்குப் போனோம்.

"தம்பிக்கா மிஸ், கேம் விளையாட?"

"இல்லை, எனக்குத்தான்."

நானா சிரிக்கவில்லை. படம் வரைகிற விஜிஏ கார்ட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "சுடுற கேமுக்கெல்லாம் இதுதான் உசுரு. காசை இதுல போடுங்க."

"நான் ஒருத்தரையும் சுடப்போறேல்லை நானா. தரையும் கடலும் காத்தும் கணக்குப் பிழைக்காமல் வரோணும். ப்ரொசெசரை நல்லதாத் தாங்கோ. கார்ட் பழசு போதும்."

எல்லாம் படித்துக்கொண்டுதான் வந்திருந்தார். ராம் மெமரி இரண்டு துண்டாக வேண்டும் என்றார். பாவித்த மொனிட்டர், மூலை நசுங்கிய கேசிங், எதுவானாலும் சரி என்றார். பவர் சப்ளையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நானா மலிவான ஒன்றைக் காட்டியபோது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "அது நடுவழியில நிண்டிடும். எனக்கு நடுவழியில நிக்கேலாது."

ஒரு போயா விடுமுறை நாளில் அவரது சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லாவற்றையும் பொருத்தினார். நான் டோர்ச் பிடித்தேன். அன்று பின்னேரமே திரையில் இரத்மலானை விமான நிலையத்திலிருந்து கிளம்பி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பறந்து, பலாலி ஓடுபாதையில் இறங்கினார். சத்தத்தை நிறையக் கூட்டி வைத்திருந்தார். விமானச் சத்தம் என்றாலே அவர் எப்படி வெளிறிப்போவார் என்று எனக்குத் தெரியும்.

"பயமா இல்லையா அக்கா?"

"இது நான் ஓட்டுற பிளேன். இதில குண்டு இல்லை."

அதன்பிறகு வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பின்னேரமும் பறந்தார். வடக்கிலிருந்து போராளிகளின் விமானங்கள் வந்து தாக்கியதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. தமிழ்ப் பெண் தனியாக இருக்கும் வீட்டிலிருந்து விமானச் சத்தம் கேட்கிறதென்று யாரோ அறிவித்திருக்கிறார்கள்.

பொலிசிலிருந்து வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நான்கு பேர்; ஒருவர் மட்டும் சீருடையில். திரையில் விமானம் அனுராதபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஏன் எப்போதும் பலாலிக்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். "அம்மா எஹே இன்னவா" என்றார் அக்கா. அம்மா அங்கேதான் இருக்கிறா. கேட்டவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு மின்வயரைப் பிடுங்கச் சொன்னார். கணினியையும் அக்காவையும் ஒரே வாகனத்தில் ஏற்றினார்கள்.

அவரை விசாரணையில் வைத்திருந்த நாட்களில்தான் சுன்னாகத்திலிருந்து அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன்; தாய் இறந்துவிட்டாராம். அவர் விடுதலையாகி வந்த அன்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லவேண்டியதாயிற்று. அழவில்லை. "எண்டைக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அண்டைக்கு என்னட்டை அம்மான்ர பேரைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள்" என்றார்.

கணினி சில மாதங்கள் கழித்து வந்தது, ஹார்ட் டிஸ்க் இல்லாமல். புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தி, விளையாட்டைத் திரும்ப ஏற்றினார். என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். பலாலிக்கு மேலே வந்ததும் இறங்கவில்லை. ஊரை வட்டமிட்டுக்கொண்டே இருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார். எரிபொருள் முடிந்தது. எஞ்சின் நின்று, அறை அமைதியாயிற்று. விமானம் காற்றில் சரிந்து சரிந்து கடலுக்குள் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "சரி" என்றார். கணினியை நிறுத்தினார். அதன்பின் அவர் பறக்கவில்லை.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு அவரது ஊரில் ஒரு பகுதியை விடுவித்தார்கள். நானும் கூடப் போனேன். வீடு இல்லை. மதில் இல்லை, கிணறும் தூர்ந்திருந்தது. கண்ணுக்கெட்டியவரை புல். அக்கா தன் வீட்டு வளவு எதுவென்று அங்குமிங்கும் நடந்து பார்த்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "கொம்பியூட்டரில வெறும் பச்சைதான் தெரிஞ்சது, விஜி. கேம் செய்தவங்கள் வீடுகளைக் கீறாமல் விட்டவங்கள் எண்டு நினைச்சன்." கண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அம்மாவுக்கு இது தெரியாமல் போனது நல்லது" என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். வானத்தில் எதன் இரைச்சல் கேட்டாலும் அக்கா செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்துபோய் வாசல் நிலைக்குக் கீழே நிற்பார். கூரை விழுந்தாலும் நிலை நிற்கும் என்று சின்ன வயதில் தாய் சொல்லிக் கொடுத்தாராம். நான் குண்டு விழுந்த ஊரில் பிறந்தவளில்லை. ஆனாலும் நேற்று ஒரு ஹெலிகொப்டர் வீட்டுக்கு மேலே போனபோது, அடுப்பை அணைத்துவிட்டு நான் வாசல் நிலைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றிருந்தேன்.